முத்திரை வாணிகம்: வருவாய் எது, மொய் எது?

ரப்பர் முத்திரையை அறியாதவர் நம்மில் எவரும் இலர். அஞ்சலகத்தில் அதன் ஓசை கேட்கிறது. பல்கலைக்கழக அலுவலகத்தில் அது விழும்வரை நம் விண்ணப்பத்திற்கு உயிர் வருவதில்லை. சொந்த அதிகாரமின்றித் தலையசைக்கும் தலைவரை 'ரப்பர் ஸ்டாம்பு' என்றே மக்கள் நகையாடுகின்றனர். ஆனால் அதே ரப்பர் முத்திரை பூவாகவும் பறவையாகவும் வாழ்த்துச் சொல்லாகவும் வடிவெடுத்து, மேலைநாடுகளில் ஒரு தொழிலாக வளர்ந்திருப்பதை நம்மில் பலர் அறியார். தடித்த தாளில் முத்திரை பதித்து, வண்ணந்தீட்டி, வெட்டி, மடித்து, ஒட்டி வாழ்த்து அட்டை செய்வது அங்கே பலருக்கும் விருப்பமான கைவேலை. அதற்கு வேண்டிய முத்திரை, மை, தாள், கத்தரி ஆகியவற்றைக் கடை வைக்காமல், வீட்டிலிருந்தபடியே அண்டை அயலாரைக் கூட்டிச் செய்து காட்டி விற்போரும் ஆயிரக்கணக்கில் உள்ளனர்.

இதைப் பற்றி நம் சங்க ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்னும் அழைப்பு இன்று நம் அன்னையரையும் தமக்கையரையும், ஏன், விடுதியில் தங்கிப் படிக்கும் நம்மையுமே தேடி வருகிறது. சில வேளை அந்த அழைப்பின் கையில் பிளாஸ்டிக் டப்பா இருக்கும். சில வேளை சத்து மாவு. சில வேளை முகப்பூச்சு. பொருள் மாறினும் தொழிலின் எலும்புக்கூடு ஒன்றே. அதில் போடப்படும் முதலோ பெரும்பாலும் சீட்டு எடுத்த பணம், அல்லது அடகு வைத்த வளையல். பணம் போனாலும் பிறகு தேடிக்கொள்ளலாம். அதனோடு உறவும் முறிந்தால் யாது செய்வது? ஆகவே இத்தொழிலில் எது வருவாய், எது வருவாய்போல் தோன்றும் செலவு என்பதை ஆராய்வது பயனற்ற வேலையாகாது.

தொழில் தோன்றிய வரலாறு

வீட்டுக் கூடத்தைக் கடையாக்கும் இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தது முத்திரை அன்று, பிளாஸ்டிக் டப்பா. அமெரிக்காவில் டப்பர்வேர் நிறுவனத்தின் டப்பாக்கள் முதலில் கடைகளில்தாம் வைக்கப்பட்டன. அங்கே அவை நன்கு விலைபோகவில்லை. மூடியை எப்படி அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி இறுக மூடிக்கொள்ளும் என்பதை அலமாரியில் கிடக்கும் டப்பா தானே சொல்லாதன்றோ? ஒருவர் கையிலெடுத்துச் செய்து காட்ட வேண்டியிருந்தது. பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி அதைத் தோழியர் கூட்டங்களில் செய்து காட்டி விற்றார். அந்த வெற்றியைக் கண்ட நிறுவனம் 1951ஆம் ஆண்டில் கடை விற்பனையைக் கைவிட்டு, வீட்டு விருந்து விற்பனைக்கென ஒரு பிரிவை அமைத்து, அவரையே அதன் தலைமையில் அமர்த்தியது. 1954இல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது; அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. எனினும் 1958இல் நிறுவனம் அவரை விலக்கிவிட்டது.

இவ்வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. டப்பாவை விற்றது டப்பா அன்று. அதைச் செய்து காட்டிய கை. செய்து காட்டினால்தான் விளங்கும் பொருளுக்கே இம்முறை இயல்பாகப் பொருந்தும்.

முத்திரைக் கைவேலை அத்தகைய பொருள். அமெரிக்காவில் ஷெல்லி கார்ட்னர் என்பவர் தம் சகோதரியுடன் 1988ஆம் ஆண்டில் 'ஸ்டாம்பின் அப்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து முதலிய நாடுகளில் அதன் விற்பனையாளர்கள் உள்ளனர். அவர்களை நிறுவனம் விற்பனையாளர் என்று அழைப்பதில்லை. 'டெமான்ஸ்ட்ரேட்டர்', அதாவது செய்து காட்டுபவர், என்றே அழைக்கிறது. பெயரிலேயே தொழிலின் உட்பொருள் அடங்கியிருக்கிறது.

இந்தியா அந்நிறுவனத்தின் விற்பனை நாடுகளில் ஒன்றன்று. ஆனால் அந்த விற்பனை முறை நமக்குப் புதிதுமன்று. ஓரிஃப்ளேம் 1995இலும், டப்பர்வேர் 1996இலும், ஆம்வே 1998இலும் இந்தியாவில் கடை விரித்தன. இல்லை, கடை விரிக்காமலே விற்கத் தொடங்கின என்பதே சரி.

செய்து காட்டுபவரின் வேலை

சேர விரும்புபவர் முதலில் ஒரு தொடக்கப் பெட்டியை வாங்க வேண்டும். ஸ்டாம்பின் அப் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்த ஏற்பாடு இது: 99 டாலர் கட்டினால் 125 டாலர் மதிப்புள்ள பொருள்களைத் தாமே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். அதன்பின் விற்கும் பொருளின் விலையில் 20 விழுக்காடு முதல் கழிவு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு மூன்று மாதத்திலும் 300 டாலர் அளவுக்கேனும் விற்பனை காட்ட வேண்டும். காட்டாதவர் பட்டியலினின்று நீங்குவார். தாம் பிறரைச் சேர்த்துவிட்டால், அவர்தம் விற்பனையிலும் ஒரு சிறு பங்கு உண்டு.

வேலை யாது? தோழியர் ஏழெட்டுப் பேரை ஒரு மாலை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அதற்கு முன்பே மாதிரி அட்டைகள் செய்து, ஒவ்வொருவருக்கும் தாளை அளந்து வெட்டி வைத்திருக்க வேண்டும். மாலையில் முத்திரை பதிப்பது எப்படி, மை எது, மடிப்பது எப்படி என்று காட்டி, வந்தவர் கையாலேயே இரண்டு மூன்று அட்டைகள் செய்விக்க வேண்டும். பின்பு விலைப்பட்டியலைக் கையில் கொடுத்து, வேண்டும் பொருள்களை எழுதி வாங்க வேண்டும். பொருள் வந்ததும் பிரித்து, அவரவர் வீட்டில் சேர்த்து, பணம் தண்ட வேண்டும். இவ்வளவையும் சேர்த்தே வேலை எனல் வேண்டும். மாலை மூன்று மணி நேரத்தை மட்டும் கணக்கிடுவது தவறு.

முத்திரைக்குள் இருக்கும் விஞ்ஞானம்

செய்து காட்டுபவர் தம் பொருளின் இயல்பை அறிந்திருந்தாலன்றி வினாக்களுக்கு விடையளிக்க இயலாது. விஞ்ஞானம் பயிலும் நமக்கு இப்பகுதி சுவையாகவும் இருக்கும்.

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் 1839இல் அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்குவதைக் கண்டார். 1844இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே கந்தகம் குறுக்குப் பாலங்களை அமைக்கிறது. ஆகவே இழுத்தாலும் அழுத்தினாலும் ரப்பர் பழைய வடிவுக்கே மீள்கிறது. முத்திரை ஆயிரம் முறை தாளில் அழுந்தியும் கோடு சிதையாதிருப்பதற்கு இதுவே காரணம். பழைய முறையில், படம் செதுக்கிய அச்சின் மீது பதப்படுத்தாத ரப்பரை வைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்து முத்திரையை வார்க்கின்றனர்.

இன்று பரவலாக உள்ள கண்ணாடிபோன்ற முத்திரை வேறு வகை. ஒளிபட்டால் இறுகும் பிசின் அது. படத்தின் எதிர்ப்படிவத்தை மேலே வைத்துப் புற ஊதா ஒளியைச் செலுத்தினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்தைக் கழுவி நீக்கிவிடலாம். இதில் அடியிலுள்ள தாள் தெரிவதால், குறித்த இடத்தில் பிசகாமல் பதிக்க முடிகிறது. ஆனால் வெயில் படும் சன்னலோரம் வைத்தால் நாளடைவில் மஞ்சளித்து விறைத்துப்போகும். ஒளியால் பிறந்தது ஒளியாலேயே கெடுகிறது!

மையிலும் இரண்டு வகை முக்கியமானவை. சாய மை தாளுக்குள் ஊறி விரைவில் உலரும். நிறமி மை தாளின் மேலேயே தங்கி மெல்ல உலரும். நிறமி மை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் ஒரு வகைப் பிசின் தூளைத் தூவி, ஒட்டாத தூளைத் தட்டிவிட்டு, சூடான காற்றைச் செலுத்தினால், தூள் உருகிப் புடைத்த பளபளப்பான கோடாக மாறும். இதைக் கண்முன் காணும் குழந்தைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் வியப்பர். விற்பனை மாலையில் பெருமூச்சும் கைதட்டலும் எழும் இடம் இதுவே என்பர் அத்தொழிலோர்.

தாளுக்கும் இயல்பு உண்டு. ஆலையில் தாள் ஓடும் திசையில் அதன் இழைகள் பெரும்பாலும் படிகின்றன. இழையோடு இசைந்து மடித்தால் மடிப்பு நேராக விழும். இழைக்குக் குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடித்து வெள்ளை தெரியும். அட்டைக்கு ஏற்ற தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிராம் வரை எடையுள்ளது. நாம் நகல் எடுக்கும் தாளோ 70 அல்லது 80 கிராம்தான். இத்தகைய சிறு அறிவே செய்து காட்டுபவரின் மூலதனம். பொருளை எவரும் எங்கும் வாங்கலாம். இந்த அறிவை அலமாரியில் அடுக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ரிச்சர்ட்ஸ் டவுனில், ரிச்சர்ட்ஸ் பூங்காவுக்கு அருகே ஒரு வீட்டில் ஓர் அம்மையார் இத்தொழிலைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகப் புனைந்த எடுத்துக்காட்டு. தொகைகளும் நாம் வைத்துக்கொண்டவையே. படிப்போர் தம் தொகைகளை இட்டு மீண்டும் கணக்கிடுக.

அவர் ஒரு மாதத்தில் இரண்டு மாலைக் கூட்டம் நடத்தி ரூ. 10,000க்கு விற்கிறார். கழிவு 20 விழுக்காடு. எனவே கிடைப்பது ரூ. 2,000. செய்து காட்டியதில் தீர்ந்த தாளும் மையும் ரூ. 900. காப்பியும் முறுக்கும் ரூ. 400. ஆட்டோவும் கூரியரும் ரூ. 300. ஆகச் செலவு ரூ. 1,600. மிஞ்சியது ரூ. 400. கூட்டம் 6 மணி, ஆயத்தம் 8 மணி, பொருள் பிரித்துக் கொடுத்தது 6 மணி என மொத்தம் 20 மணி நேரம் உழைத்திருக்கிறார். மணிக்கு ரூ. 20 ஆயிற்று.

இதுவும் நல்ல மாதத்தின் கணக்கு. விற்பனை ரூ. 6,000தான் ஆயிற்று என்று கொள்வோம். குறைந்த அளவு விற்பனை காட்ட வேண்டுமே என்று, மீதி ரூ. 4,000க்கான பொருளை அவரே வாங்கிக்கொள்கிறார். கழிவு போக அதற்கு அவர் கொடுப்பது ரூ. 3,200. பிறர் வாங்கிய ரூ. 6,000க்குக் கழிவு ரூ. 1,200, செலவோ அதே ரூ. 1,600. தொழிலில் ரூ. 400 நட்டம், அலமாரியில் அடைந்த பொருளோடு சேர்த்துக் கையைவிட்டுப் போனது ரூ. 3,600. ஆனால் நிறுவனத்தின் ஏட்டில் இம்மாதமும் 'விற்பனை ரூ. 10,000' என்றே எழுதப்படும்! இரண்டு மாதத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வேட்டில் தெரியாது. அவருடைய சொந்தக் கணக்கு நோட்டில்தான் தெரியும். அதுவும் அவர் எழுதி வைத்தால்.

தமக்குத் தேவையான பொருளைக் கழிவு விலையில் வாங்குவதற்கென்றே சேர்வோரும் மேலைநாடுகளில் உண்டு. அதில் குற்றமில்லை. அவர் சலுகை பெற்ற வாடிக்கையாளர். தம்மை வணிகர் என்று எண்ணி மயங்காத வரையில் அவருக்கு இழப்புமில்லை.

மொய் என்னும் மயக்கம்

மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அது நம் நாட்டுக்கே உரியது. முதல் கூட்டத்துக்கு யார் வருவர்? நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, தேவாலயத்துத் தோழி, கணவரின் அலுவலக நண்பர் மனைவி ஆகியோர் வருவர். வந்தவர் வெறுங்கையோடு போவது முறையன்று என்று ஆளுக்கொரு முத்திரை வாங்குவர். முதல் மாதம் விற்பனை அமோகமாக இருக்கும். 'பார், எவ்வளவு எளிது!' என்று சேர்த்துவிட்டவர் ஊக்குவார்.

இது விற்பனையா? அன்று, இது மொய். நம் திருமண வீட்டில் மொய் எழுதுகிறோம். எழுதியவர் வீட்டு விசேடத்தில் அதைத் திருப்பிச் செய்கிறோம். அது கடன், அன்பின் வடிவில் வரும் கடன். அதுபோலவே, இன்று உறவினர் வாங்கிய முத்திரைக்கு ஈடாக, நாளை அவர் விற்கும் சத்து மாவை நாம் வாங்க வேண்டும். வாங்காவிடில் மனத்தாங்கல். இரண்டாம் மாதம் அதே உறவினரை மீண்டும் அழைத்தால் தலைவலி, விருந்தாளி, ஊர்ப் பயணம் என்று காரணங்கள் பிறக்கும். வாணிகம் நின்றுபோனதோடு வாசலில் நின்று பேசும் பேச்சும் குறையும்.

ஆகவே நான் கூற விழையும் அளவுகோல் ஒன்றே. நமக்கு எவ்விதக் கடமையும் இல்லாத ஒருவர், இரண்டாம் முறை தாமே வந்து கேட்டு வாங்கினால் அது விற்பனை. நாம் வாங்கிக்கொண்டது செலவு. உறவுக்காகப் பிறர் வாங்கியது மொய். மூன்றையும் நோட்டில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால் மூன்றே மாதத்தில் உண்மை புலப்பட்டுவிடும்.

கோபுரத்தின் கணிதம்

விற்பனை குறையும்போது வேறொரு யோசனை சொல்லப்படும். 'நீங்கள் விற்க வேண்டா. ஐந்து பேரைச் சேருங்கள். அந்த ஐவரும் ஐவைந்து பேரைச் சேர்ப்பர்' என்பர். கணிதம் பயின்றவர் காகிதத்தை எடுத்துக்கொள்ளட்டும். முதல் படியில் 5, இரண்டாம் படியில் 25, மூன்றாம் படியில் 125. இவ்வாறே போனால் பத்தாம் படியில் மட்டும் 97,65,625 பேர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 96,21,551. தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட ஊரே முத்திரை விற்றாலும் பத்தாம் படி நிரம்பாது. வாங்க ஆளேது?

சேர்ப்பதற்கே ஊதியம் என்னும் இத்தகைய கோபுரத் திட்டத்தையும், பொருள் விற்பனையில் ஊதியம் பெறும் நேரடி விற்பனையையும் சட்டம் வேறாகவே காண்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வாணிக ஆணையம் 1979ஆம் ஆண்டில் ஆம்வே நிறுவன வழக்கில், அது கோபுரத் திட்டமன்று என்று தீர்த்தது. அவ்வாறு தீர்ப்பதற்கு ஆணையம் கருதிய விதிகள் மூன்று: விற்காத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுதல், வாங்கிய பொருளில் 70 விழுக்காடேனும் விற்றிருத்தல், மாதந்தோறும் பத்து வாடிக்கையாளர்க்கேனும் விற்றதைக் காட்டுதல். மூன்றும் கேட்பது ஒன்றைத்தான்: பொருள் உண்மையாகவே வெளியார் கைக்குப் போயிற்றா?

நம் நாட்டில் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் வெளியாயின. கோபுரத் திட்டத்தை நடத்துவதும் அதில் ஆள் சேர்ப்பதும் அவ்விதிகளால் தடுக்கப்பட்டுள்ளன. விற்பனையாளர் அடையாள அட்டையின்றியும் முன்னறிவிப்பின்றியும் ஒருவர் வீட்டுக்குச் செல்லலாகாது. 'நீங்கள் வேறு ஆளைக் காட்டினால் கொடுத்த பணம் திரும்ப வந்துவிடும்' என்று சொல்லி விற்கலாகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்பும், குறித்த காலத்துக்குள் தண்டனையின்றி விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. சேர்பவர் இவ்விதிகளை முன்னதாகவே கேட்டறிதல் நலம். கேட்டதற்கு முகஞ்சுளிக்கும் நிறுவனத்தை விட்டு விலகுதல் அதனினும் நலம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நிறுவனம் நாம் ஏறிய படகு. அது என்றும் மிதக்கும் என்பதற்கு உறுதியில்லை. புகைப்படத் தொகுப்பேட்டுப் பொருள்களை இதே முறையில் விற்று 1987 முதல் புகழ்பெற்ற கிரியேட்டிவ் மெமரீஸின் தாய் நிறுவனம் 2008இல் திவால் பாதுகாப்பு நாடியது. இம்முறைக்கே அடையாளமாக விளங்கிய டப்பர்வேரும் 2024 செப்டம்பரில் அவ்வாறே செய்தது. நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பித் தொழில் நடத்தியவர் அத்தகைய நாளில் நடுவாற்றில் நிற்க நேரும். கைவேலை கற்று, கற்பிக்கவும் பழகியவரோ வேறு மையும் வேறு தாளும் வாங்கித் தொடரலாம்.

ரிச்சர்ட்ஸ் டவுன் அம்மையார் என் செய்யலாம்?

இதுவரை குறைகளையே அடுக்கினேன் என்று எண்ணற்க. இத்தொழிலின் உயிர்நிலை செய்து காட்டும் கையில் இருக்கிறது என்று கண்டோமல்லவா? அந்தக் கைக்கு நேராகவே விலை பெற்றால் என்ன? முன்சொன்ன அம்மையாரின் கணக்கை மாற்றிப் போடுவோம்.

அவர் எந்த நிறுவனத்திலும் சேரவில்லை. எட்டுப் பேருக்கு ஒரு மாலை வகுப்பு நடத்துகிறார்; ஆளுக்குக் கட்டணம் ரூ. 400. மூன்று அட்டைகள் செய்து எடுத்துப் போகலாம். வரவு ரூ. 3,200. ஒருவருக்கான பொருள் ரூ. 150 எனில் எட்டுப் பேருக்கு ரூ. 1,200. காப்பி ரூ. 200. மிஞ்சுவது ரூ. 1,800. வகுப்பு 3 மணி, ஆயத்தம் 4 மணி, ஆக 7 மணி நேரம். மணிக்கு ரூ. 257 ஆகிறது. முன்பு ரூ. 20 ஈட்டிய அதே கைதான், அதே முத்திரைதான். அங்கே அறிவை இலவசமாகக் கொடுத்துப் பொருளின் கழிவை நம்பினார். இங்கே அறிவுக்கு விலை பெற்றார். பொருள் வேண்டுவோர்க்கு அதையும் விற்றால் அது மேல்வரும்படி.

எட்டுப் பேர் கிடைப்பது எளிதா? எளிதன்று. ஆனால் கட்டணம் கொடுத்து வருபவர் மொய்க்காக வருபவர் அல்லர், கற்க வருபவர். நான்கு பேரே வந்தாலும் அந்த நால்வர் உண்மையான வாடிக்கையாளர். நான்கு பேருக்கு வரவு ரூ. 1,600, பொருளும் காப்பியும் போக ரூ. 900 நிற்கும். அப்போதும் நட்டமில்லை.

நம் வட்டாரமும் இதற்கு இசைந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், குக் டவுன் ஆகிய பழைய தண்டுப் பகுதிகளில் தமிழரும் ஆங்கிலோ இந்தியரும் முஸ்லிம்களும் பிறரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து, சனவரியில் பொங்கல் வாழ்த்து, ரம்ஜானுக்கு ஈத் வாழ்த்து, நடுவே திருமணம், பிறந்தநாள் என ஆண்டு முழுதும் அட்டைக்கு வேளை உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் அடக்கி வைக்க வழி தெரியாத பெற்றோரும் உண்டு. அவர்களே இவ்வகுப்புக்கு முதல் வாடிக்கையாளராகலாம். பொங்கல் வாழ்த்து அட்டையைக் கடையில் தெரிந்தெடுத்து அஞ்சலில் அனுப்பிய காலம் நம் பெற்றோர் நினைவில் இன்னும் இருக்கிறது. கரும்பும் பானையும் செதுக்கிய முத்திரை ஒன்று இருந்தால், கைப்பேசியில் பறக்கும் வாழ்த்தைவிட அது நெடுநாள் அலமாரியில் நிற்கும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. தாளுக்கும் எழுதுபொருளுக்கும் அவென்யூ சாலை உண்டு. திருமண அழைப்பிதழ்க்காரர் நிறைந்த சுல்தான்பேட்டையில் அட்டைத் தாளும் உறையும் கிடைக்கும். கைவேலைப் பொருள்களுக்கென்றே 2007இல் பெங்களூரில் தொடங்கிய இட்ஸி பிட்ஸி போன்ற கடைகளும் உள்ளன. அலுவலக முத்திரை செய்யும் சிறு கடைக்காரரிடம் நாமே வரைந்த படத்தைக் கொடுத்தால் லேசர் கொண்டு ரப்பரில் செதுக்கித் தருவோரும் உளர். அவ்வாறு செய்யும்போது படம் நம்முடையதாக இருத்தல் வேண்டும். முத்திரையை விலைக்கு வாங்கியதாலேயே அதன் படத்துக்குரிய உரிமையும் நமதாகிவிடாது. கையால் பதித்த அட்டைகளை விற்கலாம் என்று சில நிறுவனங்கள் நிபந்தனையோடு இசைகின்றன. அப்படத்தை இயந்திரத்தில் நகலெடுத்து விற்க இசைவதில்லை. விற்பனைக்கு அட்டை செய்பவர் இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு கடைகள் இருப்பதால் விலையில் போட்டியிட்டு வீட்டு விற்பனையாளர் வெல்ல முடியாது என்பதும் விளங்கும். தாளின் விலையைக் கைப்பேசியில் நொடியில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவர். ஆனால் மடிப்பு ஏன் வெடித்தது, மை ஏன் பரவியது, தூள் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் அக்கைப்பேசி அருகில் அமர்ந்து விரலைப் பிடித்துக் காட்டாது. அந்த இடமே வீட்டு விற்பனையாளருக்கு உரிய இடம்.

முடிவுரை

நம் குடும்பத்தில் எவரேனும் இத்தகைய தொழிலில் இறங்க எண்ணினால், 'ஏமாற்று வேலை' என்று ஒரே சொல்லில் தட்டிவிடுவது அறிவுடைமையாகாது. வீட்டைவிட்டு வெளியே சென்று வேலை பார்க்க இயலாத பெண்ணுக்குத் தன் கையால் ஈட்டும் நூறு ரூபாயின் மதிப்பு, சம்பளமோ உதவித்தொகையோ பெறுவோர்க்கு எளிதில் விளங்குவதில்லை. அதே வேளையில், மேடையில் காட்டும் காரையும் வெளிநாட்டுப் பயணத்தையும் கண்டு, சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பதும் தகாது.

அருகில் அமர்ந்து ஒரு நோட்டைத் திறந்து கொடுங்கள். அதில் மூன்று பத்தி வரையுங்கள்: பிறர் வாங்கியது, உறவு வாங்கியது, நாமே வாங்கியது. உழைத்த மணி நேரத்தையும் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பத்தி வளர்ந்திருந்தால் அவர் வணிகர். தயங்காமல் துணை நில்லுங்கள். வளராவிடில் பெட்டியை மூடச் சொல்லி, கற்ற கைவேலையை வகுப்பாக்கச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தல் அறிந்த நாம் நம் வீட்டாருக்குச் செய்யக்கூடிய உதவி அது.